நிற்காமல் கேட்ட துஆ

“படிச்ச புள்ளைன்னுதாங்க கட்டிட்டு வந்தோம். அவ ஒடம்புல என்ன நடக்குதுன்னு அவளுக்கே சொல்லத் தெரியலையே!”

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மாமியார் யாரோ ஒரு பெண்ணிடம் சொன்ன வார்த்தை இது. கதவுக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன். அன்று காலையில்தான் என் முதல் குழந்தை ஆறாம் மாதத்திலேயே பிறந்து, கொஞ்ச நேரம் மூச்சு விட்டு அடங்கிப் போயிருந்தது. பெண் குழந்தை. என் கணவர் அவளை ஒரே கையில் ஏந்தி, அடக்கம் செய்ய கபர்ஸ்தானுக்குக் கொண்டு போனார். அவ்வளவு சிறியவள்.

மாமி கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கும் அழுகைதான். ஆனாலும் அந்த வார்த்தை எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. ஏனென்றால் அது உண்மை.

நான் ராயபுரத்துப் பெண். அத்தாவுக்கு பனியன் கம்பெனியில் அயர்ன் போடும் வேலை. அம்மா வீட்டில் உட்கார்ந்து பிசிறு வெட்டுவார். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். பி.காம். முடித்து ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். வெளிநாட்டு பையர்களுக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறவள், வடநாட்டுப் பெண்களிடம் இந்தி பேசுகிறவள் என்று எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையை இன்றும் விடவில்லை. அது என் அத்தாவின் வியர்வை. ஆனால் என் உடம்பில் இருந்த ஒரு தொல்லையைச் சொல்ல, தமிழையும் சேர்த்து மூன்று மொழியிலும் எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளைப்படுதல். இதை எழுதும்போதுகூட ஒரு நிமிடம் கை நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்பே ஆரம்பித்தது. தண்ணீர் மாதிரி, சாம்பல் நிறத்தில், மீன் வாடையுடன் வரும். ஆபீஸில் ஏ.சி. அறை. கதவைச் சாத்தினால் வாடை எனக்கே தெரியும். மற்றவர்களுக்கும் தெரியுமோ என்று என் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டேன். அத்தர் பூசிக்கொண்டேன். யாராவது மூக்கைத் தேய்த்தால் எனக்கு உயிர் போகும்.

இதைவிடப் பெரிய வேதனை தொழுகை. கை, முகம், கால் கழுவி ஒளு எடுத்து, தொழுகை விரிப்பான முஸல்லாவில் நிற்பேன். பாதித் தொழுகையில் ஈரம் தெரியும். சலாம் கொடுத்து முடிக்காமலே ஓடுவேன். கழுவுவேன். மறுபடி ஒளு. மறுபடி ஈரம். வெறும் தண்ணீர் போதாது என்று நினைத்து, மருந்துக்கடையில் புண் கழுவுகிற மருந்துத் தண்ணீர் வாங்கி வந்தேன். அதைக் கலந்து உள்ளே வரை கழுவினேன். எரியும். எரிந்தால் சுத்தமாகிறது என்று நினைத்தேன். கர்ப்பமான பிறகும் ஐந்து நேரமும் கழுவினேன். கழுவக் கழுவ வாடை கூடியதே தவிரக் குறையவில்லை.

குழந்தை போன பிறகு நான் தொழுவதையே விட்டுவிட்டேன். மறுப்பினால் அல்ல. நான் அசுத்தம், என் தொழுகை ஏறாது என்று முடிவு செய்துவிட்டேன். முதலில் மாதவிடாய் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த ஆண்டு மறுபடி கர்ப்பமானேன். அதன்பின் அந்தச் சாக்கும் இல்லை. பாங்கு சொன்னதும் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போடுவேன். மடித்த முஸல்லாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். வெளியே மாமி தொழும் சத்தம் கேட்கும். ஒரு தொழுகையின் நேரம் கழிந்ததும் எழுந்து வருவேன்.

நோயாளி டாக்டரிடம் போவாள். டாக்டர் கைவிட்டால் இறைவனிடம் போவாள். எனக்கு இரண்டு கதவும் அடைத்திருந்தது. வயிற்றில் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. அதே வாடை, அதே ஈரம். இதுவும் போய்விடும் என்றுதான் ஒவ்வொரு நாளும் விடிந்தது.

ஒரு நாள் அந்தியில், மஃரிப் தொழுகை நேரம். வழக்கம்போல் உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. என்னை அறியாமல் வாய் பேசியது. “யா அல்லாஹ், உன் முன்னால நிக்கற சுத்தம் எங்கிட்ட இல்ல. நிக்காமலே கேக்கறேன். இந்தப் பிள்ளையை எங்கிட்ட இருந்து காப்பாத்து.”

ஆமாம், என்னிடமிருந்து காப்பாற்று என்றுதான் கேட்டேன்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் கம்பெனியில் பெண்களுக்கு ஒரு பரிசோதனை முகாம் வைத்தார்கள். கர்ப்பப்பை வாயில் கிருமித் தொற்று இருக்கிறதா, உள்ளே இருக்க வேண்டிய நல்ல கிருமிகள் அளவோடு இருக்கின்றனவா என்று பார்க்கும் முகாம். டாக்டரம்மாவும் லேப் பெண்ணும் வந்திருந்தார்கள். இந்திப் பெண்களுக்கு விளக்கிச் சொல்ல என்னை வாசலில் நிறுத்தினார்கள். ‘சஃபேத் பானி’, வெள்ளைத் தண்ணீர் என்று அந்தப் பெண்கள் சர்வசாதாரணமாகச் சொன்னார்கள். தையல் லைன் அக்காமார் ‘சூடு’ என்றார்கள். எல்லோருக்கும் அதற்கு ஒரு பெயர் இருந்தது.

செக்கிங்கில் வேலை பார்க்கும் செல்வியக்கா தேனிப் பக்கத்துக்காரர். வெளியே வந்தவர் என் முன்னால் நின்றார்.

“ஏன் மேடம், ஊர்ல உள்ளவுகளையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு உள்ள அனுப்புறீக. நீங்க மட்டும் வாசல்லயே நிக்கிறீக. உங்களை மட்டும் ஆண்டவன் எவர்சில்வர்ல செஞ்சு அனுப்பிட்டானோ?”

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்புக்குப் பதிலாகக் கண்ணீர் வந்துவிட்டது. அக்காவின் முகம் மாறியது. என் முழங்கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, “நல்லாப் பாருங்க டாக்டர், வயித்துப்பிள்ளைக்காரி” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

டாக்டரம்மா பஞ்சுக் குச்சியில் மாதிரி எடுத்தார். ஒரு சின்னத் தாளில் தடவியதும் அதன் நிறம் மாறியது. இன்னொன்றைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து வைத்தார். பிறகு கேட்டார்.

“எத்தனை நாளா இருக்குதுங்க?”

“மொதக் கொழந்தைக்கு முந்தியே இருக்குதுங்க.”

“யாருகிட்டயும் காட்டலையா?”

“இல்லீங்க. நானே மருந்துத் தண்ணி ஊத்திக் கழுவிட்டிருந்தேனுங்க.”

“உள்ளயுமா?”

நான் தலையாட்டினேன். அவர் திட்டவில்லை. “கண்ணு, ஊட்டுல தயிர் உறை ஊத்துவீங்கல்ல? அந்தத் தயிர்ல இருக்கற மாதிரி நல்ல கிருமி பொம்பளைங்க ஒடம்புலயும் இருக்குதுங்க. அது உள்ள ஒரு புளிப்பை வெச்சிருக்கும். அந்தப் புளிப்புதான் காவல். நீங்க உறைச்சட்டியில தெனமும் மருந்தை ஊத்திட்டு, தயிர் ஏன் கெட்டுப்போச்சுன்னு அழுதுட்டிருக்கறீங்க” என்றார்.

சில நாளில் அவருடைய கிளினிக்குக்குப் போனேன். நல்ல கிருமிகளே கண்ணில் படவில்லை, கெட்டவை பெருகிக் கிடக்கின்றன என்று பரிசோதனையில் தெரிந்தது. கர்ப்பிணிகள் சாப்பிடக்கூடிய மாத்திரை கொடுத்தார். இனி வெளியில் மட்டும், வெறும் தண்ணீரில் மட்டும் கழுவச் சொன்னார். நான் கேட்க பயந்த கேள்விக்கு அவரே பதில் சொன்னார். “மொதக் கொழந்தை இதனாலதான் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அது யாருக்கும் தெரியாதுங்க. நீங்க அழுக்கா இருந்ததால இது வரவுமில்ல. அதை மனசுல இருந்து எடுத்துருங்க.”

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு பயம் பிடித்தது. கழுவாமல் எப்படித் தொழுவது? எங்கள் தெருப் பெண்கள் மதரஸாவில் பாடம் நடத்தும் ஆலிமா என்னைவிட வயதில் சின்னவர். அவரிடம் போனேன். ஒரு முறை வாய் திறந்தவளுக்கு இரண்டாம் முறை அவ்வளவு கஷ்டமாக இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

“அக்கா, இதுக்குப் பேரு தங்கடம், நம்ம கையில இல்லாத தடைங்க. தங்கடம் இருக்கறவங்களுக்குச் சட்டமே வேற. நிக்காம வந்துட்டே இருந்துச்சுன்னா, ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் ஒரு ஒளு எடுத்துட்டுத் தொழுதுக்கங்க. நடுவுல பட்டாலும் தொழுகை முறியாது. நீங்க கேட்டாத்தானுங்களே நாங்க சொல்ல முடியும்?”

“நான் ஒளு இல்லாம, உக்காந்துட்டே துஆ கேட்டேனே?”

“துஆவுக்கு ஒளு எதுக்குங்க? அழுத கண்ணு போதாதா?”

வாசல் வரை கூட வந்தவர், செருப்பு மாட்டும்போது மெதுவாகக் கேட்டார். “அக்கா... அந்த டாக்டரம்மா எந்தக் கெழமையெல்லாம் இருப்பாங்க?”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கிழமையை மட்டும் சொன்னேன்.

அன்று இரவு இஷா தொழுகைக்கு முஸல்லாவை விரித்தேன். நெற்றி தரையில் பட்டதும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

அத்துடன் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆறாம் மாதம் முழுக்க நான் நடைப்பிணம். வயிறு கொஞ்சம் இறுகினாலும் என் கணவரை, மச்சானை, எழுப்புவேன். அவரும் பாவம், வண்டிச் சாவியைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டுதான் தூங்கினார். வெள்ளைப்படுதல் நின்றது, எட்டாம் மாதம் மறுபடி வந்தது. இந்த முறை நான் மருந்துத் தண்ணீரைத் தேடவில்லை. மறுநாளே டாக்டரிடம் போனேன். மறுபடி பரிசோதனை, மறுபடி மாத்திரை. மீதி நாளெல்லாம் என் கையில் எதுவும் இல்லை. கேட்பது மட்டும்தான் இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அல்ஹம்து லில்லாஹ், மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. மச்சான் இந்த முறை இரண்டு கையிலும் ஏந்தி, காதில் பாங்கு சொன்னார்.

முதல் மகளை அல்லாஹ் ஏன் எடுத்துக்கொண்டான் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. அதைக் கேட்கிற நேரம் வரும்போதெல்லாம் நான் கையாலாகாதவள்தான். ஆனால் அந்தக் கையாலாகாத நிலையிலிருந்து கேட்டாலும் அவன் கேட்கிறான் என்பதை அறிந்துகொண்டேன். ஒரு முகாமையும், ஒரு டாக்டரையும், கேலி பேசிய செல்வியக்காவையும் அனுப்பித்தான் அவன் பதில் சொன்னான். விட்ட தொழுகைகளை இப்போது ஒவ்வொன்றாகக் களாவாகத் திரும்பத் தொழுது வருகிறேன்.

இதை வாசிக்கும் சகோதரியே, முஸல்லாவை மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் உட்கார்ந்திருந்தால், அப்படியே கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து டாக்டரிடம் போங்கள்.

சென்ற வெள்ளி பெண்களுக்கான பயான் சொற்பொழிவில் ஆலிமா என்னிடம் மைக்கைக் கொடுத்தார். நான் வெள்ளைப்படுதல் என்ற அந்த வார்த்தையைச் சொன்னேன். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். முன்வரிசையில் இருந்த மாமி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னார்.

“உன் மச்சான் பொறந்ததுலேர்ந்து நானும் சூடு சூடுன்னு வெந்தயத்தை முழுங்கிட்டிருக்கறேன் கண்ணு. எனக்குந்தான் சொல்லத் தெரியல.”

வரும் ஞாயிறு மதரஸா மாடியில் பெண்களுக்குப் பரிசோதனை முகாம். டாக்டரம்மா வருவதாக ஒத்துக்கொண்டுவிட்டார். மாடியறைக்குத் திரை தைத்து மாட்டியாகிவிட்டது. முதல் டோக்கனை மாமியின் பெயரில் போட்டுவிட்டேன்.