பொன்னுத்தாயின் கோடை விடுமுறை

குளத்தூருக்குப் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பொன்னுத்தாய் சத்துணவு சமைக்கிறார். பெரிய அண்டாவில் சாதம், பெரிய குண்டானில் சாம்பார், கூடை நிறைய முட்டை. எல்லாம் அளந்து வரும், அளந்து போகும். ருசி பார்க்க ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பாரே தவிர, அங்கே அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. சித்திரை பிறந்து பரீட்சை நெருங்கும்போது எங்களைவிட அவர்தான் விடுமுறைக்கு அதிகம் காத்திருப்பார்.

"லீவுக்கு எங்கயாச்சும் போறியளா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க டீச்சர் போறது? வீட்டுலதான் இருக்கப் போறேன்," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. கொடைக்கானல் போகிறவர்கள்கூட அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

அந்தச் சிரிப்பு எனக்குப் புரிய அவருடைய கதை தெரிய வேண்டியிருந்தது. கலியாணமாகி மூன்று வருடத்துக்குள் புருஷன் லாரி விபத்தில் போய்விட்டார். பிள்ளை இல்லை. அண்ணன் ஆத்மநாதன் மாட்டுவண்டி கட்டிப் போய்த் தங்கையை அழைத்து வந்தார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அண்ணன் வீட்டுப் பின்கட்டு அறையில் வாழ்ந்தார். அங்கே அவரை யாரும் ஏசியதில்லை, பட்டினி போட்டதில்லை. ஆனால் அது மதினி உண்ணாமலையின் வீடு. ஐந்து பிள்ளைகளும் மாமியாரும் வானம் பார்த்த விவசாயமுமாக இருந்த வீட்டில், உண்ணாமலை ஊறுகாய்ச் சாடியையும் வத்தல் டப்பாவையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருப்பார். பொன்னுத்தாய் வத்தல் போடுவார், காயவைப்பார், அள்ளி டப்பாவில் போடுவார். எடுக்க வேண்டுமென்றால் கேட்க வேண்டும். அவர் கேட்பதில்லை.

பள்ளிக்கூட வேலை கிடைத்த பிறகு ஊருக்கு வெளியே மனைப்பட்டா கிடைத்தது. அதில் ஓர் அறையும் அடுப்படியும் கட்டிக்கொண்டார். மேலே ஏற இரும்பு ஏணி ஒன்று. பின்னால் கொஞ்சம் வெற்றுத் தரை. தரை என்றால் செம்புறாங்கல். கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும். வேலிக் கருவைகூட அங்கே குட்டையாகத்தான் நின்றது.

முதல் கோடை விடுமுறையில் அதைத்தான் வெட்டினார். சாயங்காலம் தரையில் சின்னதாகக் குழிபறித்துத் தண்ணீர் ஊற்றி விடுவார். இரவெல்லாம் ஊறிக் கிடக்கும். காலையில் வெயில் ஏறுமுன் ஊறின அளவுக்குக் கடப்பாரையால் பெயர்ப்பார். மறுபடி தண்ணீர். ஒரு குழி முழங்கால் ஆழம் போக நாலைந்து நாள் ஆகும். வழியில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன பொன்னு, பாறையில கத்தரி போடப் போறியாக்கும்?"

"போட்டுத்தான் பாப்பமே," என்பார்.

பெயர்த்த கல்லை வீணாக்கவில்லை. அதையே சுற்றி அடுக்கி வரப்பாக்கினார். கண்மாயில் வண்டல் அள்ளுகிற டிராக்டர்காரரிடம் சொல்லி ஒரு நடை மண் கொட்டச் செய்து, ஆட்டுப் புழுக்கையோடு கலந்து குழிகளை நிரப்பினார். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் ஒரு சின்ன வாய்க்காலில் ஓடிச் செடிகளுக்குப் போகும். அரிசி கழுவின தண்ணீர் மட்டும் மிளகாய்க்கு. முதலில் முளைத்ததை எல்லாம் மயில் கொத்திப் போட்டது. பழைய சேலையைக் கிழித்துக் கட்டினார். மயில் அதை மதிக்கவில்லை. கருவை முள்ளை வெட்டிக் கவிழ்த்து வைத்த பிறகுதான் கொத்தவரை தலை தூக்கியது.

மூன்றாவது கோடையில் நான் அங்கே போனேன். சுண்டைச் செடி என் உயரம் நின்றது. கத்தரி, மிளகாய், கொத்தவரை, வரப்புக் கல்லைத் தழுவிப் படர்ந்த பாகல், மூலையில் ஆவூர்த் திருவிழாக் கடையில் வாங்கிவந்த எலுமிச்சங்கன்று. பொன்னுத்தாய் ஒரு சுளகில் மிளகாயைப் பரப்பிக் கொண்டிருந்தார். காம்பு எடுக்காமல் அடியில் கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்த மிளகாய். பகலில் வெயில், பொழுது சாய்ந்ததும் மறுபடி அதே மோர். மோர் முழுவதையும் மிளகாய் குடித்துத் தீரும்வரை இப்படியே.

"எதுக்கு இவ்வளவு? நீங்க ஒரு ஆளுதானே?" என்று கேட்டேன்.

"ஒரு ஆளுன்னா நாக்கு இல்லாமப் போயிருமா டீச்சர்?" என்றார்.

பிறகு எனக்குச் சோறு போட்டார். நீராகாரத்தில் ஊறின சோறு, கெட்டி மோர், நல்லெண்ணெயில் பொரித்த சுண்டை வத்தல், போன வருடத்து எலுமிச்சை ஊறுகாய். தானும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். அவசரமே இல்லாமல் ஒவ்வொரு வத்தலாகக் கடித்துச் சாப்பிட்டார். சமைத்த கை சாப்பிடுவதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

போன கோடையில்தான் அண்ணன் வீட்டில் அந்த மாற்றம் வந்தது. சிங்கப்பூரில் இருக்கும் மூத்த மகன் பணம் அனுப்பி, ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்டச் சொல்லிவிட்டான். ஆத்மநாதன் செங்கலுக்கும் சிமெண்டுக்கும் காவலாகக் கொட்டகை போட்டு அங்கேயே படுத்துக்கொண்டார். உண்ணாமலைக்கு முழங்கால் வலி. கொட்டகையில் இருக்க முடியாது. மகள்கள் வெளியூரில். ஒருநாள் காலையில் ஆத்மநாதன் மனைவியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். கேட்க வாய் வரவில்லை.

பொன்னுத்தாய்தான் பையை வாங்கினார். "உள்ள வாங்க மதினி. வெயில்ல நிக்கிறீங்க."

முதல் இரண்டு நாள் உண்ணாமலை நாற்காலியை விட்டு அசையவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால்கூடப் பொன்னுத்தாய் வரும்வரை காத்திருந்தார். மூன்றாம் நாள் பொன்னுத்தாய் இதைக் கவனித்துவிட்டு, அடுப்படித் தட்டில் இருந்த சாடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

"இது எலுமிச்சை. இது மோர் மிளகா. இந்த டப்பாவுல கொத்தவரை வத்தல். சீனி அங்கிட்டு இருக்கு. எனக்குத் தோட்டத்துல வேலை கெடக்கு மதினி, மத்தியானத்துக்கு ஒங்களுக்கு என்ன புடிக்குமோ நீங்களே வையுங்க."

அன்று உண்ணாமலை புளிக்குழம்பு வைத்தார். உப்புக் கொஞ்சம் கூடுதல். பொன்னுத்தாய் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

அதிலிருந்து வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. உண்ணாமலை நாற்காலியைப் பின்வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு சுண்டைக்காய் நசுக்கிக் கொடுத்தார், கொத்தவரை நுனி கிள்ளினார். வைகாசியில் இருவரும் சேர்ந்து கூழ் வடகம் போட்டார்கள். விடியலில் அரிசி மாவைச் சீரகமும் பச்சை மிளகாயும் போட்டுக் கிண்டி, நனைத்த வேட்டியை மாடியில் விரித்து, பொன்னுத்தாய் கை நனைத்துக் கிள்ளிக் கிள்ளி வைத்தார். கீழே நின்றபடி உண்ணாமலை ஏணி வழியாகக் கிண்ணத்தை எட்டிக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் பொன்னுத்தாய் ரேஷன் கடைக்குப் போனார். வரிசை நீண்டிருந்தது. கடையில் நிற்கும்போதே மேற்கே கறுத்து, காற்றடித்து, மழை கொட்டியது. அவர் அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தபோது வீட்டுக்குள் உண்ணாமலை தரையில் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை ஈரம். பக்கத்தில் மாடியில் காயவைத்திருந்த மிளகாய்ச் சுளகு பத்திரமாக இருந்தது. வடக வேட்டி மட்டும் சுருண்டு, கூழ் வழிந்து கிடந்தது.

"மதினி, மாடி ஏறினீங்களா?"

"ஏறிட்டேன். மிளகாயக் கொண்டாந்துட்டேன். திரும்ப ஏறி இத எடுக்கறதுக்குள்ள கொட்டிருச்சு." உண்ணாமலை சுருண்ட வேட்டியைப் பார்த்தார். "நீ காலையிலருந்து பட்ட பாடெல்லாம் போச்சேடி பொன்னு."

பொன்னுத்தாய் முதலில் அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். வீங்கியிருந்தது. உலர்ந்த சேலை எடுத்துக் கொடுத்தார், ஒத்தடத்துக்குத் தவிட்டை வறுத்துத் துணியில் கட்டிக் கொடுத்தார். அப்புறம் வேட்டியில் மழைத்தண்ணீர் படாமல் மடிப்புக்குள் தப்பியிருந்த கூழை வழித்துச் சட்டியில் போட்டு, கொஞ்சம் மோர் விட்டு அடுப்பில் கொதிக்க வைத்தார். சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டார். வெளியே மழை விடவில்லை. இருவரும் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து கிண்ணத்தில் அந்தக் கூழைக் குடித்தார்கள்.

பாதிக் கிண்ணத்தில் உண்ணாமலை நிறுத்தினார்.

"எங்க வீட்டுல நீ ஒருநாளும் ஒரு துண்டு ஊறுகாகூடக் கேட்டதில்ல."

"ம்."

"கேட்டா கொடுத்திருப்பேன்."

"தெரியும் மதினி."

"நானா கொடுத்திருக்கணும்ல."

பொன்னுத்தாய் அடுப்பில் ஒரு சுள்ளியைத் தள்ளினார். "அஞ்சு புள்ளையள வச்சுக்கிட்டு ஒரு சாடிய வருசம் பூராவும் இழுக்கணும். பூட்டாம என்ன செய்வீங்க? ஆனா எனக்கு அப்ப அழுகையா வரும். இப்ப வரல. குடிங்க, ஆறிப்போகுது."

எனக்கு இதைச் சொன்னவர் உண்ணாமலைதான். பொன்னுத்தாயிடம் கேட்டிருந்தால், மழையில் வடகம் போய்விட்டது என்பதோடு நிறுத்தியிருப்பார்.

வெயில் திரும்பியதும் மறுபடி மாவு கிண்டினார்கள். இந்த முறை வடகத்தை மாடியில் போடவில்லை. கயிற்றுக் கட்டிலை முற்றத்துக்கு இழுத்து, அதில் வேட்டியை விரித்துப் போட்டார்கள். உண்ணாமலையும் உட்கார்ந்தபடியே கிள்ளி வைத்தார். பொன்னுத்தாயின் வடகம் எல்லாம் ஒரே அளவு, உண்ணாமலையுடையது பெரிதும் சிறிதுமாக. சாயங்காலம் துணியின் பின்புறம் தண்ணீர் தெளித்து உரித்தபோது, பாதி காய்ந்த வடகத்தையே இருவரும் ஆளுக்கொரு கை தின்று தீர்த்ததில் டப்பா நிறையவில்லை.

ஆவணியில் புது வீட்டில் குடிபுகுந்தார்கள். பந்தியில் பரிமாறிக் கொண்டிருந்த தங்கையை ஆத்மநாதன் தனியாகக் கூப்பிட்டு, மாடியில் இருக்கும் அறையைக் காட்டினார்.

"மின்விசிறியெல்லாம் போட்டிருக்கு ஆத்தா. நீ இங்கயே வந்துரு. ஒனக்குன்னுதான் கட்டச் சொன்னேன். ஒம் மதினியும் அதான் சொல்றா."

பொன்னுத்தாய் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்து மூடினார். நல்லா இருக்கு என்றார்.

"அப்பப்ப வாரேண்ணே. ராத்திரி தங்கிட்டும் போறேன். ஆனா என் வீடு அங்கதானே இருக்கு. செடியெல்லாம் காயும்."

அண்ணன் வற்புறுத்தவில்லை. உண்ணாமலை மட்டும் பந்தியில் மிஞ்சிய இனிப்பை ஒரு தூக்குச் சட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார்.

இந்த வருடம் விடுமுறை தொடங்கிய மறுநாளே போனேன். பின்பக்கம் புதிதாக மூங்கில் பந்தல் நின்றது. நடுவில் புடலங்காய்கள் தொங்கின. வளையாமல் நேராக வளரட்டும் என்று ஒவ்வொன்றின் நுனியிலும் சின்னக் கல் கட்டியிருந்தார். பந்தலின் நிழலில் கோரைப்பாய் விரித்து, வெளியே வெயில் கொளுத்தும் நேரத்தில் பொன்னுத்தாய் தூங்கிக் கொண்டிருந்தார். எழுப்ப மனமில்லாமல் பாய் ஓரத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தவர், என்னைப் பார்த்துப் பதறாமல் மெல்ல எழுந்து கூந்தலை முடிந்தார்.

"சாப்புட்டுத்தான் போகணும்," என்றார். "புடலங்கா கூட்டு வச்சுருக்கேன்."