முதல் நன்மையில் கேட்டது

திவ்விய நற்கருணையை முதன்முதலாக நாக்கில் வாங்குகிற முதல் நன்மை நாளில் ஒரு பிள்ளை கேட்கும் முதல் மன்றாட்டை ஆண்டவர் தட்டவே மாட்டார் என்று எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித்தந்த சிஸ்டர் சொன்னார். அது எந்தப் புத்தகத்தில் இருந்தது என்று தெரியாது. பிற்காலத்தில் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. ஆனால் அன்றைக்குக் கன்னியர் மடத்து விறாந்தையில் சப்பாணி கட்டி இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அதை அப்படியே நம்பினோம். அப்பத்தில் பல் படக்கூடாது, நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் வாயில் படக்கூடாது என்பதையெல்லாம் எப்படி நம்பினோமோ அப்படி.

"எத்தினை கேக்கலாம், சிஸ்டர்?" என்று கேட்டவள் நான்.

"முதலாவது எண்டால் ஒண்டுதானே பிள்ளை" என்றார் சிஸ்டர்.

எனக்கு ஒன்று போதும். அம்மா வீட்டில் இல்லாமல் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

பேசாலையில் கடற்கரையோடு ஒட்டிய வளவு எங்களுடையது. அப்பாவும் சித்தப்பாவும் கடற்றொழில். அம்மாவுக்கு இருமல் வந்து, அது நிற்காமல், ஒருநாள் சீலைத் தலைப்பில் இரத்தம் பட்டது. சயரோகம் என்று மன்னார் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யாழ்ப்பாணப் பக்கம் இதற்கென்றே கட்டியிருந்த ஓர் ஆஸ்பத்திரிக்கு அப்பா கூட்டிக்கொண்டு போனார். திரும்பித் தனியே வந்தார். வீட்டைப் பார்க்கவும் என்னைப் பார்க்கவும் அப்பாவின் தங்கை, கலியாணமாகாத மாமி, எங்களோடு வந்து இருந்தார். மாமி சுத்தக்காரி. வந்த அன்றே அம்மாவின் சீலைகளையும் தலையணை உறைகளையும் அண்டாவில் போட்டு அவித்து, வெயிலில் காயவிட்டு, மடித்து அலுமாரியில் அடுக்கிவிட்டார். நான் அலுமாரியைத் திறந்து முகத்தைப் புதைத்துப் பார்த்தேன். சவர்க்கார வாசம் மட்டும்தான் இருந்தது.

சிஸ்டர் சொன்ன செய்தி இரண்டொரு நாளில் ஊருக்குள் பரவிவிட்டது. அதுவரை என்னைக் கணக்கெடுக்காதவர்களெல்லாம் திடீரென்று என்னில் அன்பானார்கள். சித்தப்பா கடையிலிருந்து தோடம்பழ இனிப்பு வாங்கிவந்து தந்து, வலையில் பாரை மீன் பட வேண்டும் என்று கேட்கச் சொன்னார். பக்கத்து வளவு ஆச்சியின் ஆடு ஒன்று காணாமல் போயிருந்தது. அது கிடைக்காவிட்டாலும் எடுத்தவனுக்கு வயிற்றோட்டம் வரட்டும் என்று கேட்க முடியுமா என்று விசாரித்தார். மாமி என் தலையை இழுத்துப் பின்னிக்கொண்டே, "எனக்கும் ஒரு நல்ல இடமா வந்து பொருந்தினால்..." என்று தொடங்கினார். பிறகு பின்னலை இறுக்கிக் கட்டி, "வேண்டாம் விடு. கொம்மா சுகமாகட்டும் எண்டு கேள்" என்று எழுந்து போய்விட்டார்.

அப்பா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

நன்மைக்கு முந்திய மாதம் அப்பா என்னை அம்மாவிடம் கூட்டிப் போனார். விடிய பஸ் ஏறி, வெள்ளாங்குளம் தாண்டி, பூநகரிக்கு அப்பால் பாதை என்று சொல்லும் மிதவையில் பஸ்ஸோடு சேர்ந்து கடலைக் கடந்து, புழுதி குடித்து, சத்தி எடுத்து, போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் நான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியவற்றை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. முற்றத்து வேப்பமரத்தடியில் என்னை நிறுத்தினார்கள். எதிரே நீண்ட விறாந்தை. அதில் ஒரு கதிரையில் அம்மாவைக் கொண்டுவந்து இருத்தினார்கள். இடையில் ஒரு தெருவளவு தூரம். அம்மா கையை நீட்டினார். நானும் நீட்டினேன். இருவருமே அப்படிச் செய்தது நினைவிருக்கிறது. அவ்வளவு தூரத்தில் கையை நீட்டி என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அப்பா டொக்டரைக் காணப் போனார். அம்மா கதிரையை விட்டெழுந்து விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்திப் பேசினார்.

"வீட்டில செபமாலை சொல்லுறனீங்களே?"

"ஓம். மாமி சொல்லுவா."

"அப்பா?"

"அப்பா வாசல்படியில இருப்பார்."

"சேர்ந்து சொல்லுவாரே?"

நான் யோசித்தேன். "இருப்பார்" என்றேன்.

முன்பெல்லாம் செபமாலையை அம்மா முன்னுக்குச் சொல்ல, அப்பா இடிகுரலில் மறுபாதியைச் சொல்வார். அம்மா போனபின் அவர் கையில் செபமாலை இருக்கும், வாய் திறக்காது. கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வலை இழுத்த களைப்பு என்று நினைத்திருந்தேன்.

அம்மா தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான்தான் முதல் மன்றாட்டுக் கதையைச் சொன்னேன். அம்மாவுக்காகத்தான் கேட்கப் போகிறேன் என்று கத்தினேன். அம்மா தலையை ஆட்டினார்.

"எனக்காகக் கேக்காதை பிள்ளை. நான் ஆண்டவர் கையிலதானே இருக்கிறன். எனக்கு எது வேணுமெண்டு அவருக்குத் தெரியும். நீ அப்பாவுக்காகக் கேள்."

"அப்பாவுக்கு என்ன வருத்தம்? காய்ச்சலே?"

"ஒரு வருத்தமுமில்லை. நீ கேள்."

அதற்குள் இருமல் வந்து, தாதி வந்து, அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அம்மா திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. வெயில் கண்ணில் அடித்தது.

திரும்பி வந்த பஸ்ஸில் அப்பாவின் தோளில் சாய்ந்தபடி அவரைக் கவனித்துப் பார்த்தேன். தோணியைத் தனியே கரையேற்றக்கூடிய மனிதர். பல்வலி என்று படுத்தது கிடையாது. இவருக்காக என்னத்தைக் கேட்பது? கேட்காவிட்டாலும் பாவம், அம்மா சொல்லை மீறியதாகும். அம்மாவுக்காகக் கேட்காவிட்டால் அம்மா வரமாட்டார். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து பல நாள் அலைந்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். "யேசுவே, அம்மாவைக் கொண்டுவந்து அப்பாவிடம் விடும்." ஒரே மன்றாட்டு. இரண்டு பேரும் அதற்குள் அடக்கம். மன்னார்க் கோட்டில் வாதாடும் அப்புக்காத்துகூட அதில் ஓர் ஓட்டை கண்டிருக்க முடியாது.

அந்த நாள் வந்தது. மாமி இரவே தண்ணீர்க் குடத்தை எடுத்து ஒளித்து வைத்தார். இரவல் வெள்ளைச் சட்டை, தலையில் கடதாசிப்பூ முடி, கையில் மெழுகுதிரி. மற்றப் பிள்ளைகளின் பின்னால் அவரவர் அம்மாமார் நின்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். எனக்கு மாமி செய்தார், குறை வைக்கவில்லை. நாக்கில் வைத்த அப்பம் மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பல் படாமல் அதை எப்படி எடுப்பது என்ற பயத்தில் எல்லாம் மறந்துவிடும் போல இருந்தது. ஆனாலும் மறக்கவில்லை. ஒரு சொல் பிசகாமல் கேட்டேன்.

ஆவணி பிறந்திருக்கும். அப்பா தனியே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். வந்த கையோடு, சித்தப்பாவைக் கூப்பிட்டு, வளவின் கடற்புறமாக ஓர் ஓலைக் கொட்டில் போடத் தொடங்கினார். புதுக் கிடுகு, புது மணல். வடக்கே கடலைப் பார்த்த வாசல். எதற்கென்று கேட்டேன்.

"அம்மா வாறா" என்றார் அப்பா.

அந்தப் பின்னேரம் நான் ஊர் முழுக்க ஓடினேன். பக்கத்து வளவு ஆச்சியிடம் சொன்னேன். ஆட்டை மறந்து, சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் என்று நினைத்தேன். சித்தப்பாவிடம், "நான் கேட்டனான், கிடைச்சிட்டுது" என்றேன். பாரை படவில்லையே என்று பகிடி விடுவார் என எதிர்பார்த்தேன். "நல்லாக் கேட்டனி" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக் கிடுகை இழுத்துக் கட்டினார். கன்னியர் மடத்துக்கும் ஓடினேன். சிஸ்டர் என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு சிற்றாலயத்துக்குக் கூட்டிப்போய்த் தன் பக்கத்தில் முழங்காலில் இருத்தினார். நன்றி சொல்லத்தான் என்று நான் நன்றி சொன்னேன்.

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அம்மாவும் வீட்டில் போயிருக்க விரும்பிக் கேட்டிருக்கிறார். இவை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.

வாடகைக் கார் மணலில் புதைந்துவிடும் என்று தெருவிலேயே நின்றது. அப்பா அம்மாவைக் கையில் ஏந்திக்கொண்டு வளவைக் கடந்து வந்தார். நான் முன்னால் ஓடி ஓடி வழி விலக்கினேன். கலியாண வீட்டில் நடப்பது போல இருந்தது எனக்கு.

"நீ அப்பாவுக்காகக் கேட்டனியோ?" என்று அன்றைக்கு அம்மா கொட்டிலுக்குள் இருந்து கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்டாக் கேட்டனான்." சொற்களையும் சொல்லிக் காட்டினேன்.

அம்மா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "கெட்டிக்காரி. நீ கேட்டதைத்தான் தந்திருக்கிறார்" என்றார்.

நான் அம்மாவோடு இருக்கலாம். ஆனால் காற்று வருகிற பக்கத்தில் மட்டும்தான் இருக்கலாம். அம்மாவின் மூச்சு என் பக்கம் வரக்கூடாது என்பது மாமியின் சட்டம். அப்போது தெற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. தெற்குப் பக்கத்துக் கிடுகுச் சுவருக்கு வெளியே, முதுகைக் கொடுத்து இருப்பேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் மட்டும் வரும். பள்ளிக்கூடக் கதையெல்லாம் சுவருக்குச் சொல்வேன். எங்கள் பக்கத்துக் கடல் சோளகத்தில் அமைதியாகக் கிடக்கும். மீன் படும் காலம் அது. அப்பா கடலுக்குப் போகவில்லை. கொட்டில் வாசலில் கதிரையைப் போட்டு இருந்தார். சித்தப்பா மீன் கொண்டுவந்து தந்தார்.

காற்று மாற வேண்டும் என்று தினமும் காத்திருந்தேன். வாடை வந்தால் வடக்குப் பக்கம், வாசலுக்கு எதிரே இருக்கலாம். அம்மாவின் முகத்தைப் பார்க்கலாம். வாடை வந்த அன்று நான் துள்ளிக் குதித்தேன். பெரியவர்கள் ஏன் அப்படி இருண்டுபோயிருந்தார்கள் என்பது புரியவில்லை. அந்தக் குளிர்காற்று அம்மாவின் நெஞ்சை என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கு அம்மாவின் முகம் கிடைத்தது. கண்கள் பெரிதாகி, கன்னம் ஒட்டியிருந்தது. ஆனாலும் அம்மாதான்.

கொஞ்ச நாளில் அம்மாவின் குரல் அடைத்துவிட்டது. ஒரு பின்னேரம் செபமாலைக்கு எல்லாரும் வாசலடியில் கூடினோம். மாமி தொடங்க வாயெடுத்தபோது அம்மா கையை உயர்த்தி, அப்பாவைப் பார்த்தார்.

"இண்டைக்கு நீங்கள் சொல்லுங்கோ."

"தங்கச்சி சொல்லட்டும்" என்றார் அப்பா.

"நீங்கள் சொல்லுங்கோ."

அப்பா நெடுநேரம் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சிலுவை அடையாளம் போட்டு, விசுவாசப் பிரமாணத்தை மடமடவென்று சொல்லி முடித்தார். பரலோக மந்திரம் தொடங்கினார். "உம்முடைய சித்தம்" என்ற இடத்துக்கு வந்து நின்றுவிட்டார். வலை இழுக்கும்போது கரையெல்லாம் கேட்கிற குரல் அது. அப்படியே நின்றது. மாமி தலையைக் குனிந்தார். சித்தப்பா மணலைப் பார்த்தார். ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. நான் முதல் நன்மை வாங்கியவள். மந்திரமெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. "பரலோகத்தில் செய்யப்படுவது போல பூலோகத்திலும் செய்யப்படுவதாக" என்று மிச்சத்தை உரத்த குரலில் எடுத்துக் கொடுத்தேன். மாமி என் தொடையில் கிள்ளினார்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு, காற்றுப் போல. "பிள்ளை எடுத்துத் தாறாள். சொல்லுங்கோவன்" என்றார் அம்மா.

அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்தபடியே, கல்லைத் தூக்கி வைப்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன. செபமாலையில் பத்துப் பத்து மணிக்கொருமுறை அந்த மந்திரம் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றார். ஒவ்வொரு முறையும் நான் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் சொன்னார். அதன்பின் அம்மா இருந்த நாளெல்லாம் செபமாலையை அப்பாதான் முன்னுக்குச் சொன்னார்.

அம்மா அந்த மார்கழி நத்தார்த் திருநாளைக் காணவில்லை. அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று பின்னேரமும் அப்பா வாசல்படியில் முழங்காலில் நின்று, நாங்கள் வந்து சேரும்வரை காத்திருந்து, சிலுவை அடையாளம் போட்டார்.

ஆனால் அப்பா முதன்முதல் செபமாலை சொன்னதற்கு அடுத்த நாள்தான் எனக்கு இன்றும் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வராததுமாகக் கொட்டில் வாசலுக்கு எதிரே போய் இருந்துகொண்டு, அப்பாவுக்கு ஞாபகமறதி கூடிவிட்டது என்று அம்மாவிடம் முறையிட்டேன். இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரு வரி மனதில் நிற்கவில்லையே என்றேன்.

"நான் அவருக்கு அந்த இடத்தைப் பாடமாக்கிக் குடுக்கட்டே, அம்மா?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து எழும்பினேன்.

"ஓம் பிள்ளை" என்றார். "நீ குடு."