இரைச்சல் நீக்கித் தரப்படும்

ஊரார் பேச்சையும் பாட்டையும் திருத்திக் கொடுக்கிற தொழிலில், நாம் கைவைத்தது யார் காதுக்கும் தெரியக் கூடாது. தொண்ணூறுகளின் கடைசியில், பூந்தமல்லியில் ஒரு மாடியறையில் கம்ப்யூட்டரோடு நான் மாரடித்தது இதற்காகத்தான். இதே வேலையில் மாட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும்.

ரோட்டோர நிலம்

சென்னீர்குப்பத்து விவசாயி ஒருவர் கேசட் கொண்டுவந்தார். நிலம் யாருக்கு என்று அவருடைய அப்பா சாகுமுன் சொன்னது அதில் இருந்தது. ஆனால் பக்கத்தில் ஓடிய பம்புசெட் பேச்சை விழுங்கியிருந்தது. பேச்சில்லாத இடத்தில் வெறும் மோட்டார் சத்தத்தை இரண்டு விநாடி பிடித்து, ‘இதுதான் இரைச்சல்’ என்று கம்ப்யூட்டருக்குக் காட்டினேன். அது மற்ற இடங்களிலும் அந்தச் சத்தத்தைக் குறைத்தது. டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பெரியவர் குரல் வந்தது: “ரோட்டோர நிலம் பொண்ணுக்கு. அவதான் கஞ்சி ஊத்துனா.”

விவசாயி எழுந்து கதவைச் சாத்தினார். “மோட்டார் சத்தமே தேவல நைனா. அத்தயே திரும்பப் போட்டுக் குடு.”

தபலா

மாங்காட்டில் ஒரு பிரமுகர் தாமே பாடி அம்மன் பாட்டு கேசட் போட்டார். தபலா, என் நண்பன் காட்டுப்பாக்கம் சேகர். அவன் தாளம் பிசகவே இல்லை. பிரமுகர்தான் வரிக்கு வரி பிந்தினார். மூன்று நாள் உட்கார்ந்து, அவர் பாடியதைச் சொல் சொல்லாக வெட்டி, தாளத்தில் நகர்த்தி உட்காரவைத்தேன். வெளியீட்டு விழாவில் அவர், தபலாக்காரர் தடுமாறியதைத் தாமே சமாளித்ததாக மைக்கில் சொன்னார். அடுத்த கேசட் வேலையும் எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். நான் கைதட்டினேன்.

அதன்பிறகு சேகரை யாரும் வாசிக்கக் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டான்: “வெட்டி ஒட்ட கை கீது மாமே. ஒரு வார்த்த சொல்ல வாய் இல்லியா?”

வசந்தா

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் மகள் வசந்தாவை அழைத்துவந்தார். வெளிநாட்டு மாப்பிள்ளை, பெண்ணின் குரலைக் கேட்க வேண்டும் என்றாராம். அவளுக்குத் திக்குவாய். அவளைப் பேசவைத்துப் பதிவுசெய்து, திக்கிய எழுத்துகளையெல்லாம் வெட்டினேன், இடைவெளிகளைச் சுருக்கினேன். போட்டுக் காட்டியதும் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “இதைக் கேட்டா யாரு வேண்டாம்பான்!” என்றார்.

வசந்தா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: “அ... அப்பா, இவளையே கட்டிக் குடுத்துடுங்க. ந... நான் உங்ககூடவே இருந்துடறேன்.”

இப்போது நான் போட்டோவுக்கு லேமினேஷன் போடுகிறேன். என்ன செய்தாலும் வாய் திறக்காத வாடிக்கையாளர்கள்.