யூனிட் குறைந்த மாதம்

எங்கள் குடிநீர் அலுவலகத்தில் அவளை மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஏற்ற எத்தனை யூனிட் கரண்ட் ஆகிறது என்று ஒவ்வொரு பம்ப் அறையாகப் போய் அளப்பது அவள் வேலை. வீட்டில் மிக்ஸி ஓடினால்கூடக் காது கொடுத்துக் கேட்பாள்.

அந்த மாதம் மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பின் கணக்கு பிரமாதமாக வந்தது. யூனிட் வெகுவாகக் குறைந்திருந்தது. அதிகாரி அவளை வாயாரப் பாராட்டினார். அதே மாதம்தான் மேட்டுத்தெருவில் குடியிருக்கும் அவள் அக்கா வீட்டுக் குழாய் வறண்டு போனது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அத்தானுக்கு உடம்பு துடைத்துவிடக்கூட அக்கா கீழ்த்தெருவிலிருந்து குடம் சுமந்தாள். தங்கை தண்ணீர் அலுவலகத்தில் இருந்தும் இந்தக் கதியா என்று அவளோடு பேச்சையே குறைத்துக்கொண்டாள்.

மீட்டரக்காவுக்குத் தலை சுற்றியது. பம்பில் இருந்த தண்ணீர் மீட்டரைக் கழற்றிச் சோதித்தாள், சரியாக இருந்தது. குழாய் போகும் வழியெல்லாம் நடந்து பார்த்தாள், எங்கும் ஒழுகல் இல்லை. தண்ணீர் போகிறது என்கிறது மீட்டர், வரவில்லை என்கிறாள் அக்கா. யாரை நம்புவது என்று எங்களைக் கேட்டாள்.

கடைசியில் பம்ப் அறையிலேயே போய் உட்கார்ந்தாள். ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டே கொடுக்காமல் நிறுத்திவைத்திருந்த பக்கத்துப் பம்பும் மெல்லச் சுற்றியது, அதுவும் பின்பக்கமாக. ஆபரேட்டரிடம் கேட்டாள்.

“அது பாட்டுக்குச் சுத்தும் மேடம். இறுகிப் போகாம இருக்குமேன்னு நானும் விட்டுட்டேன்.”

அப்போதுதான் விளங்கியது. நின்றிருந்த பம்பில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு பழுதாகிவிட்டது. ஓடும் பம்ப் தள்ளிய தண்ணீர் மீட்டரைத் தாண்டியதும் மேடேறாமல், சும்மா இருந்த பம்ப் வழியாக, எடுத்த கீழ்த்தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அதே தண்ணீரைத்தான் மீட்டர் மறுபடி மறுபடி எண்ணியது. மேடேற்றும் பாரம் இல்லாததால் கரண்டும் மிச்சம்.

வால்வை மாற்றினார்கள். அக்கா வீட்டில் தண்ணீர் கொட்டியது. கணக்கில் யூனிட்தான் பழையபடி ஏறிவிட்டது. எவ்வளவு விளக்கியும் அதிகாரிக்கு மண்டையில் ஏறவில்லை. போன மாதம் வந்த எண் இந்த மாதம் ஏன் வராது, எப்படியாவது வரவையுங்கள் என்றார்.

அன்று மாலை மீட்டரக்கா தன் அக்கா வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தாள். அத்தானுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்த அக்கா சிரிக்கவில்லை. சொம்பைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

“அவரு கேட்ட நம்பர் வந்துட்டா, எனக்குத் தண்ணி நின்னுடுமாடி?”

நிற்காது என்று சொல்லத்தான் மீட்டரக்கா வாயைத் திறந்தாள். பிறகு எழுந்துபோய், வீட்டிலிருந்த குடங்களையெல்லாம் குழாயடியில் வைத்து நிரப்பத் தொடங்கினாள்.