கேட்காமல் வாசித்த பக்கம்

வேலணைத் தீவுக்கு மருமகளாக வந்த புதிதில் வாசகர் வட்டம் ஒன்று தொடங்கி, போர்க்காலத்தில் தீவு மக்கள் வாழ்ந்த கதைகளைத் தொகுத்த நூலைப் பரிந்துரைத்தேன். கடலில் காணாமற்போன மீனவர் ஒருவரைப் பற்றிய பக்கத்தை உரத்து வாசித்து, “அன்றே இறந்துவிட்டார்” என்று முடித்தபோது, வட்டத்துக்கு வந்திருந்த புவனா அக்கா எழுந்தார்.

“அது என்ர மனுசன், தங்கச்சி. செத்ததை ஆர் கண்டது? நான் இண்டைக்கும் பொட்டு வைக்கிறனான்.”

நூலை மூடிவைத்தேன்.

ஆனாலும் வட்டத்தை நிறுத்தவில்லை. இப்போது இந்தத் தீவு மனிதர்களைப் பற்றிய நூல் என்றால், முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்கிறேன், பிறகுதான் பரிந்துரைக்கிறேன்.

புவனா அக்கா சம்மதித்ததால் அதே நூலைத் திரும்ப எடுத்தோம். அந்தப் பக்கத்தை அவரே வாசித்தார். கடைசி வரியை மட்டும் வாசிக்கவில்லை.