நாற்பதாவது தாள்

ஜெயலெட்சுமி மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில, தொழிலாளர் வரிசை வீட்டில, வளர்ந்த பிள்ளை. முப்பத்தாறு வயசு. அப்பா அம்மா போய்ச் சேர்ந்தாச்சு, தங்கச்சி குவைத்தில. பதுளையில ஒரு வாடகை அறையில தனியாக் காலம் தள்ளுறா. உளவியல் ஆய்வு ஒண்ணுக்காகத் தோட்டத்து ஆட்களிடம் கேள்வித்தாள் நிரப்பிட்டு வர்றது அவ வேலை.

மலைப்பாதைப் படத்தைக் காட்டி, ஏற்றம் எவ்வளவு கஷ்டமாத் தெரியுதுன்னு பத்துக்கு ஒரு எண் கேட்கணும். அப்புறம், 'எனக்கு ஒண்ணுன்னா ஓடிவர ஆள் இருக்கு' என்கிறது எவ்வளவு நிசம்னு பத்துக்கு ஒரு எண். ஆளில்லாதவங்க கண்ணுக்கு மலை கூடுதலாத் தெரியுதா? அதுதான் ஆய்வு.

தெரியுதுன்னு கணக்கு சொல்லிச்சு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லாட்டி, இப்படி ஒரு முடிவு தற்செயலா வர நூத்துக்கு நாலு வாய்ப்புதான். அஞ்சுக்குக் கீழே வந்துட்டா முடிவை அச்சில போடலாம், ஆய்வுக்காரங்களுக்கெல்லாம் திருவிழாதான். ஆய்வுத் தலைவர் வைரவநாதன் கேக் வாங்கிக் கொடுத்தார். ஜெயலெட்சுமி தன் துண்டைப் பக்கத்து மேசைக்குத் தள்ளிட்டா.

எப்படித் தின்பா? நாற்பது பேர் வேணும். கடைசி நாள், நாற்பதாவதா வரவேண்டிய ஒருத்தி சாவு வீட்டுக்குப் போயிட்டா. தோட்டத்தில காலைப் பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் எண்ணுற இடத்துக்கு, அக்கா வராட்டி, அக்கா பேருக்குத் தங்கச்சி போய் நிற்பா. தலைக்கணக்கு சரியா இருந்தாப் போதும், மூஞ்சியை யார் பார்க்கிறா? அந்தப் பழக்கத்தில நாற்பதாவது தாளை இவளே தன் பதிலைப் போட்டு நிரப்பிட்டா. ஒரு எழுத்துப் பொய்யில்ல. மலைக்குப் பத்து, ஓடிவர ஆளுக்கு ஒண்ணு.

கேக் கொடுத்த அன்னைக்கே அந்த ஒரு வரியை எடுத்துட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தா. நூத்துக்கு நாலு இப்போ ஒன்பதாச்சு, அஞ்சைத் தாண்டிடுச்சு. சொன்னா வேலை போகலாம். சொல்லாட்டி இவ ஒருத்தியோட தனிமை தோட்டத்துச் சனத்தோட கதையா அச்சேறிடும். மூணு நாள் கழிச்சு வைரவநாதன்கிட்டப் போய்ச் சொன்னா.

"அந்த நாப்பதாவது ஆள் நான்தாங்க சார்."

வைரவநாதன் கோபப்படல. மனுசன் நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். சம்பந்தம் இருக்குன்னு இனி சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது, இன்னும் ஆள் சேர்க்கணும்னார். வேலைக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்த மாசம் பூனாகலைத் தோட்டத்துக்குப் போங்கன்னார். கணினியில அந்த வரியைத் தேடி எடுத்தார். பத்து, பக்கத்தில ஒண்ணு. ரெண்டையும் பார்த்தார். அழிச்சார்.

ஓடிவர ஆளுக்கு ஏம்மா ஒண்ணு போட்டீங்கன்னு ஒரு வார்த்தை? கேட்கல.

அவ, பூனாகலைக்கு எத்தனை தாள் அடிக்கணும்னு கேட்டுக்கிட்டு வெளியே வந்தா.