புதுக்கழனி மார்கரெட்டின் கையெழுத்து

கோபம் வந்தால் மார்கரெட்டின் குரல் உயராது, தாழும். சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தின் ஷட்டில் பஸ்களுக்கு நேரம் போடும் மேசையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். வண்டியைத் தாமதமாக எடுத்த டிரைவரிடம் அவள் மெதுவாகப் பேச ஆரம்பித்தால், மற்ற டிரைவர்கள் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள்.

அவளுடைய அப்பா காலம்வரை புதுக்கழனி காலனியில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பங்கள். இப்போது எல்லோருக்கும் ஏதோ ஒரு சம்பள வேலை, தலைக்கு மேல் கான்கிரீட். அந்த வீடுகளுக்குக் கிழக்கே ஓர் ஓடை இருந்தது. ஏரி நிரம்பினால் தண்ணீர் அதன் வழியாகத்தான் முட்டுக்காட்டுப் பக்கம் உப்பங்கழிக்குப் போகும். ஒரு கம்பெனி அதை மண்ணடித்து மூடி, சுற்றுச்சுவர் எழுப்பி, வில்லா கட்ட மனை போட்டது.

அந்த வருஷம் டிசம்பர் புயலில் போக வழியில்லாத தண்ணீர் காலனிக்குள் இடுப்பளவு நின்றது. பக்கத்து வீட்டுச் சின்னையனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு இரண்டு முறை செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். ரோடு முழுகியதால் ஒரு முறை தவறிப்போனது. மனைவி பிரபாவதி அவரைக் கட்டிலின் மேல் கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தாள். மார்கரெட் படகு கேட்டு எம்.எல்.ஏ. ஆபீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தாள். ஒவ்வொரு முறையும், "போட்டு வந்துகினே கீதும்மா" என்றார்கள். மூன்றாம் நாள் மதியம் சின்னையனுக்கு மூச்சு முட்டியது. முகம் ஊதிப்போய், மனைவியின் கையைப் பிடித்தபடியே போய்ச் சேர்ந்தார். நான்காம் நாள் போட் வந்தது. பிணத்தை ஏற்றிக்கொண்டு போனது.

தண்ணீர் வடிய எட்டு நாள் ஆயிற்று. சுவரில் சேற்றுக்கறை காயும் முன்பே மார்கரெட் பிரபாவதியையும் தெருவில் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு எம்.எல்.ஏ.வைப் பார்க்கப் போனாள். அவர் நாற்காலி போடச் சொன்னார், குளிர்பானம் வரவழைத்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"என்னை இன்னாம்மா கேக்கறீங்க? ஓடை பயன்பாட்டுல இல்ல, மனை போட ஆட்சேபணை இல்லன்னு உங்க ஊரு கிராம சபைதானே தீர்மானம் போட்டுக்கீது? கீழ பாரு, உன் கையெழுத்தே கீது."

இருந்தது. அவளுடைய கையெழுத்தேதான். சுதந்திர தினத்தன்று கிராம சபைக்குப் போனபோது வருகைப் பதிவு என்று சொல்லி ஒரு வெற்றுத் தாளை நீட்டியதும், குடிநீர்க் குழாய் பற்றிப் பேசும் அவசரத்தில் கையெழுத்துப் போட்டதும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. மேலே இருந்த வெற்றிடத்தில் பிறகு எழுதியிருக்கிறார்கள். சின்னையனைச் சாகடித்த காகிதத்தில் தன் பெயர். குளிர்பானத்தைத் தொடாமல் எழுந்தாள்.

வீட்டில் கணவன் ஜெரோம் பயந்தான். அணுசக்தித் துறைக் குடியிருப்பான அணுபுரத்தில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன் வேலை அவனுக்கு.

"ஏன்மே, அவங்களுக்கு மேலிடம் வரைக்கும் ஆள் கீது. நமக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?"

"எங் கையெழுத்த வெச்சி ஒரு ஆளக் கொன்னுட்டாங்க" என்றாள் மெதுவாக. "இத வுட்டுட்டு நான் எப்பிடி அந்த வூட்டுப் பக்கம் நடப்பேன்?"

ஜெரோம் அதற்குப் பிறகு தடுக்கவில்லை. அவள் லீவு போட்ட நாட்களில் அவளைத் தன் வண்டியில் தாலுகா ஆபீசுக்குக் கொண்டுபோய் விட்டான்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டாள். "கோப்பு கிடைக்கவில்லை" என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தாள். நான்கு மாதம் இழுத்தடித்துப் பழைய நில அளவை வரைபடத்தின் நகலைக் கொடுத்தார்கள். அதில் ஓடை புறம்போக்கு என்று தெளிவாக எழுதியிருந்தது. தீர்மானத்தின் முழு நகலும் கூடவே வந்தது. அன்று மாலை மார்கரெட் அதிலிருந்த பெயர்களைப் பிரபாவதிக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள். பதினேழாவது பெயர் சின்னையன்.

"அவரு பேரா? கையெழுத்தா போட்டுக்கீது?" என்றாள் பிரபாவதி. தாளை வாங்கிப் பார்த்தவள் உள்ளே போய் அவருடைய ஆஸ்பத்திரி நோட்டை எடுத்து வந்தாள்.

அடுத்த மாதம் சட்டமன்றத்தின் மனுக்கள் குழு, அவள் அனுப்பிய மனுவையும் விசாரிக்கச் செங்கல்பட்டுக்கு வந்தது. கலெக்டர் ஆபீஸ் கூட்ட அரங்கில் பல கட்சி எம்.எல்.ஏ.க்கள் மேடையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மார்கரெட்டின் தொகுதி எம்.எல்.ஏ.வும் கீழே முன்வரிசையில் வந்து அமர்ந்தார். மார்கரெட்டின் முறை வந்தபோது ஓர் அதிகாரி எழுந்து, வருவாய்ப் பதிவுகளின்படி அங்கே ஓடையே இல்லை என்று வாசித்தார். குழுத் தலைவர் தலையசைத்து, "மனு பரிசீலிக்கப்படும். அடுத்தது" என்றார்.

மார்கரெட் மைக்கை விடவில்லை.

"ஐயா, இல்லாத ஓடைக்கு இன்னாத்துக்கு தீர்மானம் போட்டாங்க? ஓடை பயன்பாட்டுல இல்லன்னு ஒரு பேப்பரு. ஓடையே இல்லன்னு ஒரு பேப்பரு. ரெண்டும் உங்க ஆபீஸ்லதான் கீது. எது பொய்யின்னு சொல்லிட்டு அடுத்த மனுவக் கூப்புடுங்க."

அவள் வரைபட நகலை மேடைக்குக் கொடுத்துவிட்டு, தீர்மான நகலைப் பிரபாவதியின் கையில் வைத்து மைக்கை அவள் பக்கம் திருப்பினாள்.

"இதுல எம் புருஷன் கையெழுத்து அழகா போட்டுக்கீதுங்க. அவரு கைநாட்டுங்க ஐயா. ரேஷன் கார்டுலேர்ந்து ஆஸ்பத்திரி நோட்டு வரைக்கும் கைநாட்டுதான். செத்ததுக்கப்பறம் எழுதக் கத்துகினாரா?"

யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. தலைவர் தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி வரை படித்தார். பத்து நாளில் நிலத்தை அளந்து அறிக்கை தர வேண்டும், தீர்மானத்தின் மேல் போலீஸ் விசாரணை வேண்டும் என்று அங்கேயே சொன்னார். முன்வரிசையில் எம்.எல்.ஏ. போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அளந்தார்கள். சுவருக்கு அடியிலேயே ஓடை இருந்தது. கம்பெனி கோர்ட்டுக்குப் போய்ப் பாதி நிலத்துக்குத் தடை வாங்கிவிட்டது. மீதிப் பாதியில் சுவரை இடித்து ஓடையைத் தோண்டினார்கள். பொய்க் கையெழுத்துக்கு ஊராட்சி எழுத்தரை மட்டும் சஸ்பெண்ட் செய்தார்கள். எழுதச் சொன்னவர்களை யாரும் கேட்கவில்லை. அடுத்த மழையில் காலனிக்குள் தண்ணீர் முழங்கால் அளவு நின்று இரண்டே நாளில் வடிந்தது. ஜனங்கள் மார்கரெட்டின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு ஆறவில்லை. முழு ஓடையும் இருந்தால் அந்த இரண்டு நாளும் நின்றிருக்காது என்றாள்.

தேர்தல் நெருங்கியபோது பஸ் ஸ்டாப்பில் பெரிய பேனர் ஒன்று முளைத்தது. 'ஓடையை மீட்ட எங்கள் அண்ணனே' என்ற எழுத்துக்குக் கீழே எம்.எல்.ஏ. கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரத்தில், அவருக்கு நன்றி சொல்வதுபோல, மார்கரெட்டின் படம். மனுக்கள் குழுவில் பேசியபோது யாரோ எடுத்தது.

வேலைக்குக் கிளம்பி வந்தவள் பக்கத்துப் பெட்டிக்கடையில் பிளேடு வாங்கினாள். கட்சிக்காரன் ஒருவன் ஓடிவந்தான்.

"யக்கா, இன்னா பண்ற? தலைவரு பேனரு!"

"அவரு மூஞ்சிய நான் தொடல அண்ணாத்த" என்றாள் மிகவும் மெதுவாக. "இது எம் மூஞ்சி. யாரக் கேட்டுப் போட்ட?"

தன் முகத்தைச் சுற்றி நிதானமாக அறுத்து எடுத்தாள். அறுத்த துண்டைச் சுருட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வந்து நின்ற சிறுசேரி பஸ்ஸில் ஏறினாள். பேனரில் எம்.எல்.ஏ. ஓர் ஓட்டைக்குப் பக்கத்தில் கும்பிட்டபடி நின்றார்.